தரையில் நிற்கும் பழைய உலக உருண்டை விற்பனைக்கு வந்தால்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய உலக உருண்டையை விற்பவர் அனுப்பும் முதல் படத்தில் ஸ்டாண்டுதான் பளபளக்கும். கடைசல் வேலை செய்த மகோகனிக் கால்கள், நடுவே திசைகாட்டி, சுற்றிலும் அகலமான மர வளையம். கண் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்த மரத்துக்கு அல்ல, மேலே இருக்கும் காகிதத்துக்கு. கால் உடைந்தால் நல்ல தச்சர் சரிசெய்துவிடுவார். 200 வருடத்துக்கு முன் செப்புத்தகட்டில் அச்சான காகிதம் தேய்ந்து போனால் அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. அதனால் உருண்டையை முதலில் பாருங்கள், ஸ்டாண்டைப் பிறகு பாருங்கள், விலையைக் கடைசியில் பேசுங்கள்.

இந்தக் கட்டுரை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை லண்டனில் செய்யப்பட்ட உருண்டைகளைப் பற்றியது. ஏல நிறுவனங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் அடிக்கடி வருபவை இவைதான். கேரி, நியூட்டன், பார்டின் ஆகிய மூன்று தயாரிப்பாளர்களின் பெயர்களை நினைவில் வையுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

செய்முறை தெரிந்தால் பழுதுகள் தானே புரியும். மர அச்சின் மேல் காகிதத்தைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிக் காயவிடுவார்கள். காய்ந்த காகித உருண்டையை நடுக்கோட்டில் இரண்டாக அறுத்து எடுத்து, துருவத்துக்குத் துருவம் ஒரு மரத் தூணை நிறுத்தி, இரு பாதிகளையும் அதன்மேல் பொருத்தி மூடுவார்கள். அதற்கு மேல் சுண்ணத்தூளும் வச்சிரப் பசையும் கலந்த பூச்சு. அரைவட்டமாக வெட்டிய தகட்டுக்குள் உருண்டையைச் சுழற்றிச் சுழற்றி அந்தப் பூச்சைத் துல்லியமான கோளமாக்குவார்கள். ஒரு பக்கம் கனமாகச் சாய்ந்தால், உள்ளே ஈயக் குண்டுகள் அடங்கிய சிறு பையை ஒட்டிச் சமன் செய்வார்கள்.

அதன் பிறகுதான் வரைபடம். இரு முனையும் கூராக, நடுவில் அகன்ற காகிதப் பட்டைகள் பெரும்பாலும் 12. ஒவ்வொன்றும் 30 டிகிரி தீர்க்கரேகையை மூடும். துருவங்களில் தனியாக ஒரு வட்டக் காகிதம். நாட்டு எல்லைகளுக்குக் கையால் நீர்வண்ணம், கடைசியில் வார்னிஷ். இந்த உருண்டை பித்தளை வளையம் ஒன்றில் துருவ ஊசிகளால் தொங்கும். அந்த வளையம் அடிவான வளையத்தின் இரண்டு வெட்டுகளில் இறங்கி நிற்கும். அடிவான வளையம் என்பது தட்டையான மரம். அதன்மேல் பன்னிரு ராசிகள், மாதம், தேதி, திசைகள் அச்சிட்ட காகிதம் ஒட்டியிருக்கும்.

நடுக்கோட்டில் ஓடும் விரிசல், பாதிகள் பிரியத் தொடங்கியதன் அடையாளம். துருவத்தைச் சுற்றிப் பூச்சு நொறுங்கியிருந்தால் உள்தூண் ஆடுகிறது. மெதுவாகச் சுழற்றும்போது உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் ஈயப் பை கிழிந்து குண்டுகள் சிதறியிருக்கின்றன. அது கேட்க மோசமாக இருந்தாலும் அவ்வளவு பெரிய குறை இல்லை. உருண்டை எப்போதும் ஒரே பக்கம் வந்து நிற்கும், அவ்வளவுதான். தூண் ஆடுவது வேறு கதை. அதைச் சரிசெய்ய உருண்டையைத் திறக்க வேண்டும். அதற்குக் காகிதத்தை எழுப்ப வேண்டும். அந்தச் செலவு சில சமயம் வாங்கிய விலையையே தாண்டும்.

அளவை நீங்களே எடுங்கள்

விற்பவர் சொல்லும் அங்குலம் உருண்டையின் குறுக்களவா, பித்தளை வளையத்தின் குறுக்களவா, அடிவான வளையத்தின் குறுக்களவா என்று கேளுங்கள். மூன்றுக்கும் நிறைய வித்தியாசம். 12 அங்குல உருண்டை 18 அங்குலம் என்று விளம்பரமாவது இப்படித்தான். தையற்காரர் பயன்படுத்தும் துணி டேப்பை நடுக்கோட்டில் தளர்வாகச் சுற்றுங்கள். எஃகு டேப் வார்னிஷைக் கீறும். சுற்றளவு 96 செ.மீ. அளவில் இருந்தால் 12 அங்குலம், 144 என்றால் 18, 168 என்றால் 21. ஒரு பட்டையின் நடு அகலத்தையும் அளக்கலாம்: 12 பட்டை கொண்ட 18 அங்குல உருண்டையில் அது 12 செ.மீ.க்கு மிக நெருக்கமாக வரும்.

நேரில் போக முடியாவிட்டால் படங்கள் கேளுங்கள். உருண்டையை 45 டிகிரி வீதம் திருப்பி எட்டுப் படம், இரண்டு துருவங்கள், தயாரிப்பாளர் பெயர் உள்ள தலைப்புக் கட்டம், அடிவான வளையத்தின் மேற்பக்கம் முழுவதும், அதன் அடிப்பக்கம், கால்கள் சேரும் மூட்டு, திசைகாட்டி. எல்லாம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். பசிபிக் பெருங்கடலின் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் படம் அனுப்பினால் அந்தப் பக்கத்தில்தான் பள்ளம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

அச்சு அசல்தானா

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். அதை இந்தியாவின் தென்முனைமேல் வையுங்கள். 18 அங்குல உருண்டையில் 1 செ.மீ. என்பது சுமார் 280 கி.மீ.; சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரையிலான கடற்கரை இரண்டேகால் செ.மீ.க்குள் அடங்கிவிடும். அந்தச் சிறிய இடத்தில் ஊர்ப்பெயரைச் செதுக்கிய கைவேலையை லென்ஸில் பார்த்தால் மனம் நிறையும். செப்புத்தகட்டு அச்சில் கோடு ஒரே ஓட்டமாக, தொடக்கத்தில் மெலிந்து, நடுவில் தடித்து, முடிவில் கூராக இருக்கும். மை காகிதத்துக்கு மேல் சற்றுப் புடைத்து நிற்கும். கையால் தீட்டிய நிறம் கோட்டைத் தாண்டியும் தாண்டாமலும் போயிருக்கும்.

லென்ஸில் சீரான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது 20-ஆம் நூற்றாண்டின் ஆஃப்செட் அச்சு. அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கடல் மிருகங்களும் பாய்மரக் கப்பல்களுமாக, முழுவதும் ஒரே பழுப்பில், திறந்தால் உள்ளே மதுப்புட்டி வைக்க இடம் உள்ள உருண்டைகள் இந்த வகை. வீட்டு அலங்காரத்துக்கு வாங்கலாம். பழம்பொருள் விலை கொடுக்கக் கூடாது.

உண்மையான பழுப்பு சீராக இருக்காது. தூசி மேலிருந்து விழுவதால் வட பாதி கருத்திருக்கும், தென் பாதி வெளுத்திருக்கும். வருடக்கணக்கில் பித்தளை வளையம் மறைத்த இடத்தில் ஒரு வெளிர்ப் பட்டை தெரியலாம். பட்டைகள் சேரும் இடத்தில் கோடுகள் ஒன்றிரண்டு மி.மீ. விலகியிருப்பதும் இயல்பே, கையால் ஒட்டியவை அவை.

பழைய உருண்டையின்மேல் புதிய நகல் பட்டைகளை ஒட்டி விற்பதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க விரிசலைத் தொடருங்கள். பூச்சு வெடித்த இடத்தில் அதன் மேலிருந்த காகிதமும் கிழிந்திருக்க வேண்டும். கீழே மேடுபள்ளம், மேலே கிழியாத காகிதம் என்றால் அந்தக் காகிதம் பின்னால் வந்தது.

வயது

தொடங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. தலைப்புக் கட்டத்தில் உள்ள வருடத்தை அப்படியே உருண்டையின் வயதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செப்புத்தகடு விலை உயர்ந்தது. ஒருமுறை செதுக்கிய தகட்டைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள். புதிய தீவோ எல்லையோ தெரிந்தால் தகட்டில் அந்த இடத்தை மட்டும் தட்டிச் சமமாக்கி மறுபடி செதுக்குவார்கள். கேரி உருண்டைகளில் குக், வான்கூவர், லா பெரூஸ் ஆகிய கடலோடிகளின் பயணங்களைச் சொல்லும் தலைப்பும் பழைய தேதியும் அப்படியே இருக்க, அடியில் இன்ன வருடம் வரை திருத்தியது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கும். அந்தச் சிறிய வரியைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் நிலப்படமே சாட்சி.

முகவரியும் உதவும். ஜான் கேரியும் அவர் சகோதரர் வில்லியமும் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் இருந்தார்கள். 1820-இல் ஸ்ட்ராண்ட் 181-ஆம் எண் கடை தீயில் எரிந்தது. அதன் பிறகு வரும் ஜி. & ஜே. கேரி என்ற பெயர் ஜானின் மகன்களுடையது, முகவரி செயின்ட் ஜேம்ஸ் தெரு 86. ஆகவே அந்த முகவரி உள்ள உருண்டையை 1800 என்று யாராவது விற்றால் மறுத்துவிடலாம். பார்டினின் 18 அங்குல உருண்டை 1798-இல் வந்தது. இயற்கை ஆய்வாளர் சர் ஜோசப் பேங்க்ஸுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. அந்தச் சமர்ப்பணமும் பிந்தைய பதிப்புகளில் தொடர்ந்து இருப்பதால் அதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

நிலப்படத்தில் முதலில் ஆஸ்திரேலியாவுக்குப் போங்கள். டாஸ்மேனியா நிலப்பரப்போடு ஒட்டியிருந்தால், கடலோடிகள் பாஸும் ஃப்ளிண்டர்ஸும் 1798-99-இல் அதைச் சுற்றி வந்த செய்தி தகட்டுக்கு எட்டுமுன் அச்சானது. தனித் தீவாக இருந்து வான் டீமன் நிலம் என்ற பெயர் தாங்கியிருந்தால் அதற்குப் பிந்தையது. டாஸ்மேனியா என்ற பெயர் அதிகாரப்பூர்வமானது 1856-இல். விக்டோரியா தனிக் குடியேற்றமானது 1851, குயின்ஸ்லாந்து 1859. அடுத்து அமெரிக்கா: டெக்சாஸ் தனி நாடாக இருந்தால் அந்தத் தகவல் 1836-க்கும் 1845-க்கும் இடைப்பட்டது. அலாஸ்கா ரஷ்யாவின் பெயரில் இருந்தால் அந்தத் தகவல் 1867-க்கு முந்தையது. ஆப்பிரிக்காவில் சூயஸ் கால்வாய் 1869. விக்டோரியா ஏரி 1858-க்கு முந்தைய உருண்டையில் இருக்காது. தென் துருவத்தில் கடலோடி ராஸ் 1841-இல் கண்ட விக்டோரியா நிலம் உண்டா, வெறும் கடலா என்றும் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு பெயர் இருப்பது வலுவான சான்று. இல்லாதது வலுவற்ற சான்று. டெக்சாஸ் குடியரசு உருண்டையில் இருந்தால் அது 1836-க்கு முன் அச்சாகியிருக்க முடியாது. டெக்சாஸ் இல்லை என்பதால் மட்டும் 1836-க்கு முந்தையது ஆகிவிடாது, திருத்தாமலே விட்டிருக்கலாம். தவறான தகவலும் நெடுநாள் தங்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் குறுக்கே ஓடும் காங் மலைத்தொடர் 1798-இல் ஒரு வரைபடத்தில் நுழைந்தது. அப்படி ஒரு மலையே இல்லை என்று பிரெஞ்சு அதிகாரி பெஞ்சே நேரில் நடந்து நிரூபிக்க 1880-களின் இறுதி ஆயிற்று. அதுவரை பல உருண்டைகளில் அது கம்பீரமாக நின்றது. இருக்கும் சான்றுகளில் மிகப் பிந்தையதை எடுங்கள். உருண்டை அதற்குப் பிறகு செய்யப்பட்டது என்று மட்டும் சொல்லுங்கள்.

வாங்கும் வசதி சற்றுக் குறைவு என்றால் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்க, ஜெர்மன் தரை உருண்டைகளும் நல்ல தொடக்கம். அவற்றின் வயது சொல்வது எளிது: ஓஸ்லோ 1925, இஸ்தான்புல் 1930, ஈரான் 1935, கானா 1957, இலங்கைக்கு ஸ்ரீலங்கா என்ற பெயர் 1972.

வார்னிஷும் ஒட்டுவேலையும்

365 நானோமீட்டர் புறஊதா டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு அறையை இருட்டாக்குங்கள். பழைய அவலரக்கு (ஷெல்லாக்) வார்னிஷ் ஆரஞ்சாக ஒளிரும். டம்மர், மாஸ்டிக் போன்ற பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சளாக. அந்த ஒளிர்வுக்கு நடுவே கருத்த திட்டுகள் தெரிந்தால் பின்னால் நிறம் தீட்டி மறைத்த இடங்கள். திட்டு இருப்பதே தவறல்ல. எங்கே, எவ்வளவு என்பதுதான் கேள்வி. வெறும் கடலில் நாணய அளவு ஒட்டு பொறுக்கத்தக்கது. தலைப்புக் கட்டத்தின் எழுத்துகள் கையால் திரும்ப எழுதப்பட்டிருந்தால் விலை பாதியாகக் குறைய வேண்டும் என்பதே எங்கள் கணிப்பு, ஏனெனில் வயதுக்கும் தயாரிப்பாளருக்கும் இருந்த ஒரே எழுத்துச் சான்று போய்விட்டது.

மஞ்சளாகிக் கருத்த வார்னிஷைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கீழே உள்ள காகிதத்தைக் காப்பாற்றியிருக்கிறது. காகித வேலை தெரிந்த பாதுகாப்பு நிபுணர் அதை எடுக்க முடியும். சந்தேகப்பட வேண்டியது பளிச்சென்று சுத்தமான உருண்டையைத்தான். வார்னிஷை எடுக்கத் தெரியாதவர் எடுத்தால் நீர்வண்ணமும் சேர்ந்து போய்விடும். நாட்டு எல்லைகள் வெறும் கறுப்புக் கோடாக நிற்கும்.

ஸ்டாண்டு அதனுடையதா

உருண்டையும் ஸ்டாண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்து சேர்ந்திருப்பது சாதாரணம். பித்தளை வளையத்துக்கும் உருண்டைக்கும் உள்ள இடைவெளியைச் சுற்றிலும் பாருங்கள். ஒரே சீராகச் சில மி.மீ. இருக்க வேண்டும். ஓரிடத்தில் உரசி, எதிர்ப்புறம் விரல் நுழைந்தால் வளையம் வேறு உருண்டையுடையது, அல்லது உருண்டை கோணியிருக்கிறது. அடிவான வளையத்தின் மேற்பரப்பு உருண்டையின் சரி நடுவே வர வேண்டும். வளையம் இறங்கும் வெட்டுகள் பழைய கறுப்போடு இருக்கின்றனவா, புதிதாக உளியால் அகலமாக்கிய வெள்ளை மரம் தெரிகிறதா என்று பாருங்கள். அடிப்பக்கத்தில் பயனில்லாத பழைய ஆணித் துளைகள் இருந்தால் கால்கள் மாறியிருக்கின்றன. உளுத்த துளையைக் கறுப்புத் துணிமேல் தட்டினால் வெளிர்த் தூள் கொட்டுகிறதா? பூச்சி இன்னும் உயிரோடிருக்கிறது. அடிவான வளையத்தின் காகிதம் கைபட்டுத் தேய்ந்திருப்பது ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. முழுதாக இருந்தால் அது தனிச் சிறப்பு. திசைகாட்டி தொலைந்திருப்பதும் வழக்கம்தான்.

இவை பெரும்பாலும் ஜோடியாக விற்றவை, பூமிக்கு ஒன்று, விண்மீன்களுக்கு ஒன்று. ஜோடி கலையாமல் கிடைத்தால் விலை இரண்டு தனி உருண்டைகளின் கூட்டுத்தொகையைத் தாண்டும்.

இயக்கிப் பாருங்கள்

இது கணக்குப் போடும் கருவியாகச் செய்யப்பட்டது; வேலை செய்கிறதா என்று சோதிப்பதே சிறந்த பரிசோதனை. லண்டனில் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பித்தளை வளையத்தை மெதுவாக நகர்த்தி வட துருவத்தை அடிவான வளையத்துக்கு மேல் 51½ டிகிரி, அதாவது லண்டனின் அட்சரேகை அளவுக்கு, உயர்த்துங்கள். அடிவானக் காகிதத்தில் ஜூன் 21-க்கு நேரே உள்ள ராசியைப் படியுங்கள், கடகத்தின் தொடக்கம் என்றிருக்கும். உருண்டைமேல் சூரிய வீதி, அதாவது வருடம் முழுவதும் சூரியன் செல்லும் பாதை, வரையப்பட்டிருக்கும். அதில் அதே புள்ளியைப் பித்தளை வளையத்தின் கீழ் கொண்டுவந்து, துருவத்தில் உள்ள மணிமுள்ளை நண்பகல் 12-இல் வையுங்கள். இப்போது அந்தப் புள்ளி கிழக்கு அடிவானத்தைத் தொடும்வரை உருண்டையைச் சுழற்றினால், முள் காட்டுவதுதான் சூரிய உதயம்: நான்கு மணிக்குச் சற்று முன், கணக்குப்படி 3.48. சென்னைக்குத் துருவத்தை 13 டிகிரி உயர்த்திச் செய்தால் 5.37 வரும். இரண்டும் சூரிய நேரம், கடிகார நேரம் அல்ல.

கால் மணி நேரம் பிசகினால் பரவாயில்லை, முள்ளின் அளவுக்கோடுகளே அவ்வளவு நுணுக்கமானவை அல்ல. அதற்கு மேல் போனால் முள் நழுவுகிறது, அல்லது அச்சு வளைந்திருக்கிறது, அல்லது பட்டைகளைப் பின்னால் எடுத்துத் தப்பாக ஒட்டியிருக்கிறார்கள். முள்ளே இல்லையென்றால் விலையில் பேசுங்கள். எங்காவது இறுகினால் வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். உரசும் இடத்தில் காகிதம் சுருண்டு வந்துவிடும்.

விலையும் தாள்களும்

ஏலத்தில் விழுந்த விலை நீங்கள் கட்டும் விலை அல்ல. பெரிய ஏல நிறுவனங்கள் வாங்குபவரிடம் வாங்கும் கட்டணம் கால்பங்கு அளவுக்கும், அதற்கு மேலும் போகும்; வரி, பெட்டி, காப்பீடு தனி. ஏலத்துக்கு முன் பொருளின் நிலை பற்றிய அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் குறிப்பிட்ட வயதையும் மதிப்பையும் தாண்டிய பொருளுக்கு ஏற்றுமதி அனுமதி வேண்டும். அதை யார் எடுப்பது என்று முன்பே பேசி முடியுங்கள். எங்காவது யானைத் தந்தம் பதித்திருந்தால் விட்டுவிடுவதே நல்லது, 2022-இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் தந்தச் சட்டம் தந்தப் பொருள்களின் விற்பனையைப் பெரும்பாலும் தடுக்கிறது.

இந்தியாவுக்குக் கொண்டுவருவதென்றால், 100 வருடம் தாண்டியதற்கு எழுத்துச் சான்று கையில் இருக்கட்டும். சுங்க அட்டவணையில் அத்தகைய பழம்பொருளுக்கு 9706 என்று தனித் தலைப்பு இருக்கிறது. இறக்குமதித் தாள்களைத் தொலைக்காதீர்கள். இங்கே 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் 100 வருடப் பழைமையைக் கணக்கில் எடுக்கிறது. பிறகு எப்போதாவது வெளியே அனுப்ப நினைத்தால் அந்தத் தாள்கள்தான் பேசும்.

தூக்குவதும் வைப்பதும்

ஸ்டாண்டோடு சேர்த்து உருண்டையை ஒருபோதும் தூக்கக் கூடாது. ஒருவர் ஸ்டாண்டைப் பிடிக்க, மற்றவர் ஒரு கையால் பித்தளை வளையத்தையும் மறு உள்ளங்கையால் உருண்டையின் அடியையும் தாங்கி நேர் மேலே எடுக்க வேண்டும். வளையத்தை மட்டும் பிடித்துத் தூக்கினால் முழுப் பாரமும் இரண்டு துருவ ஊசிகளில் இறங்கும். மோதிரம், கைக்கடிகாரம், சட்டைப் பொத்தான் எல்லாம் காகிதத்தைக் கிழிப்பவை, கழற்றிவிடுங்கள். உருண்டை தனிப் பெட்டியில், ஸ்டாண்டு தனிப் பெட்டியில் போகட்டும். உருண்டையை அமிலமற்ற மெல்லிய தாளால் சுற்றி, நுரை வளையத்தில் அமர்த்தி, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். குமிழ்த்தாளை வார்னிஷ்மேல் நேரடியாகச் சுற்றினால் வெப்பத்தில் குமிழ்களின் வட்டத் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

வீட்டில் ஈரத் துணி, ஸ்ப்ரே, மரச்சாமான் பாலிஷ் எதையும் உருண்டைக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். பசை தண்ணீரில் கரைவது, நிறமும் தண்ணீரில் கரைவது. மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டினால் போதும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும்தான் முதல் எதிரி; பசையும் காகிதமும் இரண்டுக்கும் தீனி. பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்று இருந்தால் பூச்சு விரிந்து சுருங்கிப் பட்டை ஓரங்கள் எழும்பும். அதைவிட ஏசி இல்லாத, காற்றோட்டமான உள்ளறைச் சுவரோரம் மேல்; ஆனால் வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், மழைக்காலத்தில் ஓதம் ஏறும். நேர் வெயில் படவே கூடாது, விளக்கொளி 50 லக்ஸுக்குள் இருக்கட்டும். மாதம் ஒருமுறை உருண்டையைக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். அப்போது ஒரே கண்டம் மட்டும் வெளுக்காமல் இருக்கும், உரசலும் ஒரே இடத்தில் விழாது.